ஸ்வெட்டர் அளவு

கவிதா, தினேஷ்,

அம்மாவின் காரியம் முடிந்த அன்று, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "அப்பா, அம்மா அந்தக் காரை நெசமாவே ஓட்டுனாங்களா?" அந்த நேரம் பார்த்து யாரோ நாற்காலிகளைத் திருப்பி எடுக்க வந்தார்கள். பேச்சு அதோடு நின்றது. மறுநாள் நீங்களும் ஊருக்குப் போய்விட்டீர்கள்.

உங்கள் போனில் அந்தப் போட்டோ இருக்கிறது. எடைக் கொட்டகைக்கு முன்னால், நீள மூக்கு வைத்த சிவப்புக் காரில், ஒரே ஒரு சீட்டில் அம்மா உட்கார்ந்து சிரிக்கிறாள். சுற்றிலும் கொழுந்து எடுக்கிற பெண்கள். பார்த்தால் ஓட்டி வந்து நிறுத்தின மாதிரிதான் இருக்கும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் உங்களுக்குப் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அம்மா பாதிதான் இருப்பாள்.

இந்தத் தொடரில் இதுவரை என் அப்பா சிலோனிலிருந்து கப்பலேறி வந்தது, பாக்டரியில் நான் ஃபிட்டராகச் சேர்ந்தது என்று எழுதிக்கொண்டு வந்தேன். இந்த வாரம் அதெல்லாம் ஓரமாக இருக்கட்டும். படிக்கிற மற்றவர்கள் மன்னிக்க வேண்டும். இது என் பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதில்.

மூட்டையில் பதிந்த அளவு

பனிக்காலம். காலையில் புல் மேல் உப்பைத் தூவின மாதிரி வெள்ளையாகக் கிடக்குமே, அந்த மாதங்கள். பாக்டரிக்குப் பின்னால் யாருக்கும் உதவாமல் கிடந்த பழைய இலைக் கொட்டகையில் ஒரு மூட்டையைத் தரையில் போட்டேன். உள்ளே டீ வேஸ்ட். தூளைச் சலித்த பிறகு மிஞ்சுகிற நாரும் தூசியும். முதுகுக்கு இன்னொரு மூட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

"உக்காரு ஈஸ்வரி" என்றேன்.

"இதுலயா? ஏனுங்க, ரேஸ் காருன்னு சொல்லிப்போட்டு மூட்டை மேல உக்கார வைக்கறீங்க?"

"அளவு எடுக்கணும். டேப்புல எடுத்தா இடுப்பு அளவு வரும். உக்கார்ற அளவு வராது."

அம்மா அன்றைக்கு அந்த அரக்கு நிற ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அதற்கு மேலே என்னுடைய பச்சை ஜெர்கின். தலையில் மப்ளர். மூட்டையில் உட்கார்ந்து, நான் சொன்னபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்தாள். தூசி பறந்து தும்மல் வந்தது. நான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். மூட்டையில் ஒரு பள்ளம் அப்படியே நின்றது. அம்மாவின் பள்ளம்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாற்காலின்னா யாரு வேணுமுன்னாலும் உக்காரலாமுங்க. இதுல நான் மட்டுந்தானே உக்கார முடியும்?"

"ஆமா. வேற ஆளு உக்காந்தா குத்தும்."

"குத்தட்டும்" என்றாள். அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தப் பள்ளத்துக்குத் தகுந்த மாதிரி தகரத்தைத் தட்டி வளைத்து சீட் செய்தேன். அதன் மேலே ஃபோம், ரெக்ஸின்.

அம்மா ஸ்வெட்டர் போட்டிருந்தாள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மலையில் யார் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அளவு கொடுக்கிறார்கள்? நம் லைன் வீடுகளில் ரவிக்கை தைக்கிற அக்காகூட ஸ்வெட்டர் மேலேயே டேப்பைச் சுற்றுவார். பிறகு "ஸ்வெட்டர் அளவு" என்று சொல்லிவிட்டு அவராகவே குறைத்து வெட்டுவார். நான் தையல்காரன் இல்லை. குறைக்கவில்லை.

பக்கத்தில் யார்?

அம்மாவுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கே கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள்.

அவளுடைய அப்பா கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், வெலிங்டனில் ராணுவத்துக்கு உள்ளே சிவிலியன் வேலை பார்த்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கோடை சீசனில் அவரோடு பஸ்ஸில் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வந்துகொண்டிருந்தாள். அவர் மடியில். வழியில் பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லி, பழைய காலத்துக் கார்கள் வரிசையாகப் போயிருக்கின்றன. கடைசியாக ஒன்று வந்தது. சுருட்டு மாதிரி நீளம். மேலே கூரை இல்லை, கதவு இல்லை. நடுவில் ஒரு ஓட்டை. அதிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு மனிதரின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, அவரு பக்கத்துல யாரு உக்காருவாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"யாரும் உக்கார முடியாது கண்ணு. ஒத்தை சீட்டு."

"அவரு புள்ளைங்க?"

"ஊட்ல இருக்கோணும்."

இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நினைப்பேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். அவளுக்கென்று ஒரு முழு சீட் எப்போது இருந்தது? சின்ன வயதில் அப்பா மடி. பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் ஓரம். கல்யாணம் ஆனதும் மடியில் கவிதா. கவிதா இறங்கினதும் தினேஷ். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக, ஒரு காலை நடைபாதையில் ஊன்றி உட்கார்ந்துதான் ஊட்டிக்கும் குன்னூருக்கும் போய் வந்தாள். ஜன்னல் ஓரம் எப்போதும் உங்களுக்கு.

எஸ்டேட் பிக்கப்பில் டிரைவர் சீட் இருந்ததே என்று கேட்பீர்கள். கொழுந்து மூட்டை ஏற்றுகிற அந்தப் பிக்கப்பை அத்தனை வருஷம் ஓட்டினவள் அவள்தானே. நானும் கேட்டேன்.

"அதுல எஸ்டேட்டு உக்காந்திருக்குதுங்க. நான் எங்க உக்காந்தேன்?" என்றாள்.

கவிதா, நீ கல்யாணமாகித் திருப்பூருக்கும், தம்பி ஒசூருக்கும் போன பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் கையைக் காய்ச்சிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, பழைய சாமானை வச்சு ஒரு வண்டி செய்ய முடியுமா? ஒத்தை சீட்டு. நம்ம எஸ்டேட் ரோட்டுல ஒருக்கா ஓட்டுனாப் போதும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

யானை உட்கார்ந்த கார்

கூடலூரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிற மலையாளி ஹம்சாக்காவை, பாக்டரி வேலையாகப் போய் வந்ததில் எனக்குப் பழக்கம். காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். அவர் கடையின் மூலையில் ஒரு கார் கிடந்தது. கூரை தட்டையாகி, சப்பாத்தி மாதிரி ஆகியிருந்தது. யாரோ ஒருவர் வீட்டு முன்னால் நிறுத்தியிருந்தபோது யானை வந்து மேலே உட்கார்ந்துவிட்டதாம்.

"ஆன இருந்தது மேலயாணு கணேசா. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. கியர் பாக்ஸும் நல்லதா" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒற்ற சீட்டோ? அப்ப பொண்டாட்டி எவிடெ இரிக்கும்?"

"பொண்டாட்டிதான் ஓட்டப் போறா காக்கா."

"அப்ப நீ?"

"நான் ரோட்டுல நிப்பேன்."

"அது செரி" என்றார். "பொண்டாட்டிய ஏத்தி விட்டுட்டு ரோட்டுல நிக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

எஞ்சினும் கியர் பாக்ஸும் யானைக் காரிலிருந்து வந்தன. உயரமான ஒல்லி வீல்கள் ஒரு பழைய ஜீப்பிலிருந்து. கீழே தாங்குகிற சட்டம் பாக்டரியில் கழித்துப் போட்ட நீராவிக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்தது. மேல் உடம்புக்கு டிரையரின் பழைய சூட்டுக் காற்றுக் குழாயைப் பிரித்தேன். நல்ல அலுமினியத் தகடு. வருஷக்கணக்காகத் தேயிலை காய்ந்த காற்று போன குழாய். எத்தனை கழுவினாலும், பெயின்ட் அடித்தாலும், சூடேறினால் அதிலிருந்து டீ வாசனை வரும். ஸ்டியரிங், தேயிலை உருட்டுகிற மெஷினில் மூடியை இறக்குகிற கைச்சக்கரம். அம்மா அதற்குச் சணல் சுற்றி, மேலே பழைய தோல் பையைக் கிழித்துத் தைத்தாள்.

டீ மேக்கர் ஐயா, அவர்தான் பாக்டரிக்குப் பெரியவர், ஒரு நாள் எட்டிப் பார்த்தார். "என்ன கணேசன், பாக்டரில பாதி இங்கதான் இருக்கு போல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கழிச்சுப் போட்டதுதான் சார்" என்றேன். "நானுந்தான் கழிச்சுப் போட்டது, என்னையும் எங்கேயாவது மாட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். ரிட்டையர் ஆகிற வருஷம் அவருக்கு.

ஹாரன்

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. ஹாரனுக்காக.

"ரேஸ் காருக்கு யாராவது ஹாரன் வைப்பாங்களா?" என்றேன்.

"மலைல வளைவுல ஹாரன் அடிக்காம போகச் சொல்றீங்களா? எதுத்தாப்புல ஆளு வந்தா என்ன பண்றது?"

"எஸ்டேட் ரோட்டுல யாரு வர்றது?"

"மாடு வரும். காட்டெருமை வரும். நீங்க வருவீங்க."

லைனுக்கு வர்க்கி பிஸ்கெட் விற்க வருகிறவரின் சைக்கிளில் ரப்பர் பந்து வைத்த ஹாரன் இருக்குமே, அதே மாதிரி ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கி வந்துவிட்டாள். பந்தை அமுக்கினால் தொண்டை கட்டின வாத்து மாதிரிக் கத்தும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

அவள் வண்டி ஓட்டுகிற விதம் அப்படி. எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். முக்கியமாக ஒரு விஷயத்தில் அவளிடம் வாய் கொடுக்க முடியாது. நியூட்ரல்.

சமவெளியில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டால் வண்டி தானாக உருளும், பெட்ரோல் மிச்சம். ஆனால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பிரேக் சூடாகிக் கைவிட்டுவிடும். மலையில் எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். ஒரு தடவை பர்லியார்ப் பக்கம், பிரேக் தீய்ந்து புகையோடு நின்ற ஒரு டாக்சியைப் பார்த்துப் பிக்கப்பை நிறுத்தி இறங்கிவிட்டாள்.

"தம்பி, நியூட்ரல்லயா எறங்குனீங்க?"

"உங்களுக்கென்னக்கா?"

"உங்க ஊட்ல புள்ளைங்க இருக்குதுங்களா?"

அவன் புகைகிற சக்கரத்தைப் பார்த்தான்.

"நியூட்ரல்ல எறங்கறவன் டிரைவரே இல்ல, உருள்ற கல்லு" என்று சொல்லிவிட்டு, பிக்கப்பில் இருந்த தண்ணீர் கேனை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

இடைவெளி

கோடையில் சீட்டைப் பொருத்தி முதல் தடவையாக அவளை உட்கார வைத்தேன். வெயில் நாள். சேலை மட்டும்தான், மேலே மெல்லிசாக ஒரு ஸ்வெட்டர். இடுப்புக்கு இரண்டு பக்கமும் விரல் நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது.

"என்ன இப்படி லூசா இருக்கு?" என்றேன்.

"பனில ஸ்வெட்டரு, ஜெர்கினெல்லாம் போட்டுத்தானுங்களே அளவெடுத்தீங்க. அதான்."

சரிதான் என்று பட்டது. ரெக்ஸினைப் பிரித்து உள்ளே ஒரு ஃபோம் வைத்துத் தைத்தேன். சீட் கச்சிதமாக ஆனது.

கொஞ்ச நாள் போனது. பெயின்ட் அடிக்கிறபோது சும்மா ஏறி உட்கார்ந்தாள். மறுபடி இடைவெளி. "ஃபோமு அமுங்கிப் போச்சுங்க" என்றாள். மட்ட ஃபோம்தான், அமுங்கியிருக்கும். இன்னொன்று வைத்தேன்.

அப்புறம் ஆடி மாசத்து மழை. காற்று கொட்டகைத் தகரத்தைப் பிய்த்துவிடும்போல அடித்தது. பிரேக் லீவர் கைக்கு எட்டுகிறதா என்று பார்க்க அம்மாவைக் கூப்பிட்டேன். அதே அரக்கு ஸ்வெட்டர், அதே பச்சை ஜெர்கின், மப்ளர். அளவெடுத்த நாளில் போட்டிருந்த அத்தனையும். ஏறி உட்கார்ந்தாள்.

என் கை முழுசாக உள்ளே போனது.

ஸ்வெட்டர் இருந்தது. ஜெர்கின் இருந்தது. நான் அதிகமாக வைத்த இரண்டு ஃபோமும் இருந்தன. உங்கள் அம்மாதான் குறைவாக இருந்தாள்.

"கழட்டு ஈஸ்வரி" என்றேன்.

"என்னத்தைங்க?"

"ஜெர்கினைக் கழட்டு. ஸ்வெட்டரைக் கழட்டு."

"குளுருதுங்க."

"கழட்டு."

ஜெர்கினைக் கழற்றினாள். அரக்கு ஸ்வெட்டரைக் கழற்றினாள். அதற்குள்ளே இன்னொரு ஸ்வெட்டர் இருந்தது. அதைக் கழற்றினால், உள்ளே தினேஷ் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன நீல ஸ்வெட்டர். அது அவளுக்குச் சரியாக இருந்தது.

ஒரே வீட்டில் இருக்கிற ஆளுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கீழே இருப்பவர்கள் கேட்கலாம். இங்கே மாசக்கணக்காக யார் உடம்பையும் யாரும் பார்ப்பதில்லை. ஸ்வெட்டரைத்தான் பார்க்கிறோம். தூங்கும்போதும் ஸ்வெட்டர். நீங்கள் வீடியோ காலில் பார்த்ததும் அந்த ஸ்வெட்டரைத்தான்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"கோடைலேருந்தே சோறு எறங்கறதில்லீங்க. வவுத்துல கல்லு வச்சாப்புல இருக்குது."

"ஏன் சொல்லல?"

அம்மா கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழைச் சத்தத்தில் அவள் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. குனிந்தேன்.

"சொன்னா வண்டி நின்னு போயிருமில்லீங்க" என்றாள்.

கீழே போய் வந்தது

குன்னூரில் பார்த்தார்கள். கோயமுத்தூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டர் நல்ல மனிதர். அவசரப்படாமல் பேசினார். முடிந்ததைச் செய்யலாம், ஆனால் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார். அம்மாதான் கேட்டாள்.

"வண்டி ஓட்டலாங்களா?"

"என்ன வண்டிம்மா?"

"காருங்க. ரேஸ் காரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "ரேசுக்குப் போகாதீங்க. மெதுவா ஓட்டிக்கோங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல் ஓரத்தை அவளுக்குக் கொடுத்தேன். பக்கத்தில் நான். கொண்டை ஊசி வளைவுகளில் அவள் தோள் என் மேல் இடித்துக்கொண்டே வந்தது. எலும்பு.

"புள்ளைங்களுக்குத் தீபாவளிக்கு வர்றப்ப சொல்லிக்கலாமுங்க. இப்ப சொன்னா வேலையை விட்டுப்போட்டு ஓடியாந்துருவாங்க" என்றாள். பிறகு, "இன்னும் என்னென்ன வேலை பாக்கி?" என்றாள்.

வண்டியைத்தான் கேட்டாள்.

நீங்கள் என்னிடம் கோபப்பட்டீர்கள், முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று. கோபம் நியாயம்தான். அவள் சொல்ல வேண்டாம் என்றாள், நான் கேட்டேன். வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகு ஷிப்ட் முடிந்ததும் நேராகக் கொட்டகைக்குத்தான். அம்மா ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முடியாத நாளில் நான் போகாமல் இருந்தால், "என்னைப் பாத்துட்டு ஒக்காந்திருந்தா அது தானா முடிஞ்சிருமா?" என்று விரட்டுவாள். மூன்றாவது ஃபோமை வைத்துத் தைத்தபோது அம்மாதான் ஊசியில் சணல் கோத்துக் கொடுத்தாள்.

அன்று பகல்

புரட்டாசியில் மழை கொஞ்சம் விட்டது. ஒரு பகல் நேரம், மேகம் தரையில் இறங்கி நின்றிருந்தது. டீ மேக்கர் ஐயாவிடம் கேட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பாக்டரி கேட்டுக்கு வெளியே ரோட்டில் நிறுத்தினேன். அங்கிருந்து இறக்கம். சவுக்கு மரங்கள் நிற்கிற வளைவு. அதைத் தாண்டி எடைக் கொட்டகை. கொட்டகைக்கு அப்புறம் ரோடு கொஞ்சம் மேடாக ஏறும். பெண்கள் கொழுந்து எடை போடுகிற நேரம் பார்த்துத்தான் போக வேண்டும் என்று அம்மா முன்னமே சொல்லியிருந்தாள்.

தூக்கித்தான் உட்கார வைத்தேன். சீட் சரியாக இருந்தது.

எஞ்சின் ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. யானைக் கார் எஞ்சின், சத்தம் மலையில் எதிரொலித்தது. தகடு சூடேறி டீ வாசனை கிளம்பியது. அம்மா மூச்சை இழுத்தாள். "பாக்டரியே ஓடற மாதிரி இருக்குதுங்க."

கிளட்சை மிதித்தாள்.

கிளட்ச் போகவில்லை.

மூக்கு ஒல்லியான வண்டி. கால் வைக்கிற இடம் குறுகல். அதனால் மிதியின் நெம்புகோல் கட்டையாகத்தான் வைக்க முடிந்தது. கட்டையாக இருந்தால் கனமாக இருக்கும். பனிக்காலத்தில் அளவெடுத்த ஈஸ்வரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இப்போது இரண்டு கையையும் முட்டியின் மேல் வைத்து அமுக்கினாள். பாதிதான் போனது. கியர் விழாமல் கறகற என்று அரைத்தது. மறுபடி மிதித்தாள். நெற்றியில் வேர்வை.

"விடு ஈஸ்வரி. உள்ள மாத்திக் குடுக்கறேன். ஒரு வாரத்துல லேசாக்கிருவேன்."

"அடுத்த வாரம் என் காலு பலமாயிருமாங்க?"

அவளே சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். சத்தம் போனதும் மழைத் தண்ணீர் ஓடையில் போகிற சத்தம் கேட்டது.

"நியூட்ரல்ல விடுங்க" என்றாள்.

"நீயா சொல்ற?"

"நாந்தான் சொல்றேன். டிரைவரு நானு."

வண்டிக்கு வெளிப்பக்கம், வலது கைக்கு நீளமாக ஒரு பிரேக் லீவர் வைத்திருந்தேன், பழைய ரேஸ் கார்களில் இருக்கிற மாதிரி. அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இழுத்தாள். வண்டி நின்றது. இன்னொரு தடவை இழுக்கச் சொன்னேன். நின்றது.

"நான் கூடவே ஓடியாறேன். ஒரு கையைப் பிடிச்சுக்கறேன்."

"வேண்டாமுங்க."

"ஈஸ்வரி, வழுக்குது ரோடு."

"பக்கத்துல ஆளில்லாம போகோணும். அதுக்குத்தானுங்களே இத்தனையும்."

மூக்குக் கண்ணாடி மாதிரி எதையோ மாட்டிக்கொண்டாள். பாக்டரியில் கிரைண்டிங்குக்குப் போடுகிற கண்ணாடி. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. டயருக்கு அடியிலிருந்த கல்லை எடுத்தேன். பின்னால் லேசாக ஒரு தள்ளு. அவ்வளவுதான் என் வேலை.

வண்டி உருண்டது. மேகத்துக்குள் முதலில் மூக்கு மறைந்தது. பிறகு சிவப்பு மறைந்தது. கடைசியில் மப்ளர்.

எஞ்சின் ஓடியிருந்தால் சத்தத்தை வைத்து எங்கே போகிறாள் என்று தெரியும். நியூட்ரலில் போகிற வண்டிக்குச் சத்தமே இல்லை. ரோட்டில் நின்றேன். ஹம்சாக்கா சொன்னாரே, அந்த மாதிரி. சவுக்கு வளைவில் லீவரை இழுக்கிற பலம் இருக்குமா? இழுத்திருப்பாளா? ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது கேட்டது. தொண்டை கட்டின வாத்து.

வளைவு. ஹாரன் அடித்துத் திரும்புகிறாள்.

மறுபடி அமைதி. அது எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு ரொம்பக் கீழேயிருந்து திரும்பவும் ஹாரன். விட்டுவிட்டு, விடாமல். அதற்குப் பின்னால் பெண்களின் சிரிப்பும் கூச்சலும்.

ஓடினேன். வழுக்கி ஒரு இடத்தில் விழுந்தேன்.

எடைக் கொட்டகை முன்னால் வண்டி நேராக, ஓரமாக, ஒழுங்காக நின்றது. பாப்பாத்தி அக்கா, அம்மாவோடு கொழுந்து எடுத்த காலத்துச் சிநேகிதி, முதுகுக் கூடையோடு வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"ஏன்டி ஈஸ்வரி, எஞ்சினை மேலயே மறந்து வச்சிட்டு வந்துட்டியா? சத்தத்தையே காணோம்!"

"எஞ்சின் சத்தம் போட்டா நீ கொழுந்துல தண்ணி தெளிச்சு எடை ஏத்தறது எனக்குத் தெரியாம போயிருமேக்கா" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது எடுத்ததுதான் அந்தப் போட்டோ.

அவர்கள் எடை போடப் போன பிறகு குனிந்து கேட்டேன், எப்படி இருந்தது என்று.

"டயரு சத்தம் மட்டுந்தானுங்க. சவுக்குக்கிட்ட வந்தப்ப முன்னாடியும் ஒண்ணும் தெரியல, பின்னாடியும் ஒண்ணும் தெரியல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்ப உங்க நெனப்பே வரலீங்க. புள்ளைங்க நெனப்பும் வரல. தப்புங்களா?"

"தப்பில்ல" என்றேன்.

"புள்ளைங்க கேட்டா ஓட்டுனேன்னு சொல்லுங்க. நியூட்ரல்ல எறங்குனேன்னு சொல்லிப்போடாதீங்க. மானம் போயிரும்."

சொல்லிவிட்டேன் ஈஸ்வரி. எழுதியும் விட்டேன்.

கவிதா, தினேஷ், அம்மா ஸ்டியரிங் பிடித்தாள். வளைவில் ஹாரன் அடித்தாள். நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். எஞ்சின் ஓடவில்லை, பக்கத்தில் யாரும் இல்லை. இதற்கு என்ன பெயர் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு தீபாவளிக்கு நீங்கள் வந்ததும், ஆஸ்பத்திரியும், மற்றதும் உங்களுக்கே தெரியும்.

மூன்று ஃபோம்

நீங்கள் கிளம்பிப் போன பிறகு மறுபடியும் புல் மேல் வெள்ளை விழ ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையைத் திறந்தேன். தார்ப்பாயை விலக்கினேன். கூடவே கோணி ஊசியும் சணலும் கொண்டு போயிருந்தேன்.

சீட்டின் ரெக்ஸின் தையலைப் பிரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு வைத்த ஃபோமை முதலில் எடுத்தேன். அதற்கு அடியில் பெயின்ட் அடித்தபோது வைத்தது. அதற்கும் அடியில் கோடையில் வைத்தது, ஜெர்கின் இல்லாததால்தான் லூசாக இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டு வைத்தது. மூன்றையும் வெளியே வைத்தேன். முதலில் போட்ட ஃபோமை மட்டும் விட்டுவிட்டு ரெக்ஸினை இழுத்து மறுபடி தைத்தேன். கை விறைத்து ஊசி இரண்டு தடவை குத்தியது.

நான் ஏறி உட்காரவில்லை. உள்ளங்கையை மட்டும் வைத்துப் பார்த்தேன். பள்ளம் அகலமாக, ஆழமாக, மூட்டையில் பதிந்த மாதிரியே இருந்தது. ஸ்வெட்டரும் ஜெர்கினும் போட்டு, நன்றாகச் சாப்பிடுகிற ஒரு ஆள் உட்காரலாம்.